செந்திலுக்கு, பத்திரம் எழுதிய அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. நீ போன் எடுத்துப் பேசி இருபத்தாறு நாள் ஆகிறது. சைட்டில் இருந்தால் சிக்னல் கிடைக்காது என்று அம்மாவுக்கு நான்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், கையில் கிடைத்தால் கடைசி வரை படிப்பாய் என்று.

உன் நோட்டீஸ் ஒன்று இங்கே வந்து சேர்ந்தது. சலூனில் கிடந்ததாகச் சொல்லி மேலத் தெரு பையன் கொண்டுவந்து கொடுத்தான். போட்டோவில் நன்றாக இருக்கிறாய், கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறது. அம்மா உன் படத்தைக் கத்தரித்துச் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டாள். மீதிக் காகிதத்தை நான் எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம், கைக்கு எட்டும் விலை, நகர் ஊரமைப்புத் துறையின் டிடிசிபி அப்ரூவல் விரைவில். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிந்ததற்கான ரெரா எண் எங்கேயும் இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நல்ல வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. உன் பெரிய மாமா 'புரோக்கர் வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தீர்கள்' என்று கேட்டபோது நான் அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தவன் நான், நல்ல புரோக்கர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். குடைக்காரர் என்று ஒருவரைச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? மழை கொட்டும்போதுதான் மனை பார்க்கக் கிளம்புவார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடி வடிகிறது என்று பார்த்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு என் மேஜைக்கு எதிரில் நின்று, 'இந்த இடம் வேண்டாம்ப்பா, இது பழைய ஓடை' என்பார். ஆறு மாதம் கமிஷன் இல்லாமல் இருந்திருக்கிறார், அந்த மாதிரி இடத்தை ஒருவர் தலையிலும் கட்டியதில்லை. வாங்கியவர் பேருக்குப் பட்டா மாறிய பிறகுதான் தன் ஒரு பர்சன்டைக் கேட்பார். அவர் இறந்தபோது தெருவே நிறைந்திருந்தது.

தாய்ப்பத்திரத்தைப் பார். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்னும் சொல்வேன். ஜெராக்ஸைப் பார்க்காதே, அசலைக் கேள். அசல் பேங்கில் இருக்கிறது என்றால் எந்த பேங்க், எவ்வளவு கடன் என்று கேள். போன தடவை 'வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன் அப்பா, எதுவும் இல்லை, "நில்" என்று வருகிறது' என்று சொன்னாய். எத்தனை வருஷத்துக்குப் போட்டாய் என்று கேட்டதற்குப் பதிமூன்று என்றாய். பதிமூன்று பத்தாது, குறைந்தது முப்பது வருஷத்துக்குப் போடு. அதிலும் பதிவானது மட்டும்தான் தெரியும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கு இருக்கிறது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. பட்டா ஒருத்தர் பேரில் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதே, வாரிசுச் சான்று வாங்கிப் பார், அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணு. முக்கியமாகப் பெண்களின் பெயரை எண்ணு.

பவர் பத்திரம், அதாவது உரிமையாளருக்குப் பதில் கையெழுத்துப் போடும் அதிகாரம், வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவரை நேரில் போய்ப் பார். அவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் அன்றோடு முடிந்தது, அதற்குப் பிறகு போட்ட கையெழுத்து நிற்காது. ஏரி, ஓடை, மேய்க்கால் புறம்போக்கு இல்லையே என்று தாலுகா அலுவலகத்தில் நில வகையைக் காட்டும் ஏ பதிவேட்டைப் பார். பஞ்சமி நிலமா என்று கேள். வெள்ளைக்காரன் காலத்தில் 1892-ல் இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று கொடுத்த நிலம் அது, வேறு யார் வாங்கினாலும் செல்லாது, எத்தனை கை மாறி வந்தாலும் செல்லாது. உன் ஏரியாவில் அது நிறைய உண்டு. விமான நிலையத்துக்கு எடுக்கப்போகிற சர்வே எண்களில் அந்த இடம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2022-ல் பரந்தூர் என்று அறிவித்ததில் இருந்து அந்தப் பக்கம் மனை போடாத ஆள் இல்லை. ஏகனாபுரத்தில் ஜனங்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் பதினைந்து நிமிடம் என்று அச்சடிக்கிறீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வரப்போகிறது என்று சொல்லி எத்தனை வருஷம் விற்றார்கள் என்று நீ பார்த்தாய், 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தார்கள். அதுவரை வட்டி கட்டியவர்கள் யார்?

அப்ரூவல் விரைவில் என்ற வார்த்தைதான் எனக்குத் தூக்கம் வரவிடாமல் செய்கிறது. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சொன்னபோது எங்கள் தாழ்வாரம் எப்படிக் கிடந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பதிய முடியாமல், பையில் பணத்தோடு ஒரு அம்மா என் மேஜை பக்கத்தில் மூன்று நாள் வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை, வந்து உட்காருவாள், சாயங்காலம் எழுந்து போவாள். அவளுக்கு மனை காட்டியவனும் உன்னைப் போல நல்ல சட்டை போட்ட பையன்தான், அப்ரூவல் விரைவில் என்றுதான் அவனும் சொல்லியிருந்தான். அப்புறம் அவன் நம்பர் கிடைக்கவில்லை.

இப்போது ரெரா சட்டம் வேறு இருக்கிறது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால் பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக்கூடாது. ஏஜென்டும் தன் பேரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாத மனையை ஏஜென்ட் விற்க முன்வரக்கூடாது, மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும். கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதே, நோட்டீஸில் இருப்பது உன் முகம், உன் போன் நம்பர். நீ பதிந்துவிட்டாயா? பதிந்திருந்தால் அந்தச் சான்றை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவிடம் காட்டிச் சந்தோஷப்படுவேன்.

சரி. எதற்கு இவ்வளவு சுற்றுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அத்தை மகள் செல்வி போன் செய்திருந்தாள். பதிமூன்று வருஷம் கழித்து என் நம்பருக்கு அந்தப் பெண் போன் செய்கிறாள். பிள்ளைகள் படிப்பு, குவைத்தில் அவள் வீட்டுக்காரருக்கு வேலை எப்படி இருக்கிறது என்று ஏதேதோ பேசினாள். வைக்கப் போகும்போது, 'மாமா, செந்தில் காட்டின இடம் நல்ல இடம்தானே?' என்று கேட்டாள். டோக்கன் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் உன் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறாளாம். நான் என்ன சொல்ல? 'நான் பார்த்துச் சொல்கிறேன்மா' என்றேன். அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் உனக்கு நாலு தடவை போன் அடித்தேன்.

நிலத்துக்கு அட்வான்ஸாக இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வருமானவரிக்காரர்கள் பிடித்தால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது ஒரு பக்கம். அது செல்வியின் பணம். எனக்கு அதுதான்.

அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம், கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத சண்டை என்று சொல்லி வைத்தோம். அது பொய். உன் அம்மாவுக்குத் தெரியும், இத்தனை வருஷம் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள்.

தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். ஒன்றே முக்கால் ஏக்கர், அவர் சம்பாதித்து வாங்கியது. பாட்டிக்கும் எனக்கும் அத்தைக்கும் சம பங்கு. எனக்குத் தெரியாதா? என் மேஜைக்கு வந்த ஊராருக்கெல்லாம் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 1999-ல், வைகாசி மாதம், 'பட்டா மாற்ற உன் கையெழுத்து ஒன்று வேண்டும், வந்து போட்டுவிட்டுப் போ' என்று அத்தையை வரச் சொன்னேன். செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்தாள், பத்து வயசு இருக்கும் அவளுக்கு. நான் பன் வாங்கிக் கொடுத்துத் தாழ்வாரத்துப் படியில் உட்கார வைத்தேன். பத்திரத்தை முந்தின நாள் ராத்திரியே என் கையால் எழுதி வைத்துவிட்டேன். விடுதலைப் பத்திரம். தன் பாகத்துக்கு ரூபாய் பத்தாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, இனி அந்தச் சொத்தில் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை என்று எழுதினேன். நான் அவளுக்குக் கொடுத்தது ஒரு புடவை. 'படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும் மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று கடைசி வரியையும் என் கைதான் எழுதியது. ஆயிரம் பத்திரத்தில் எழுதிய வரி, கை தானாகவே எழுதிவிடும்.

யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. உள்ளே, சம்மதம்தானே என்று சார்பதிவாளர் கேட்டபோது அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், அவளும் தலையாட்டினாள். எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதினாள், இடது கைப் பெருவிரலை மையில் உருட்டி ரேகை வைத்தாள். வெளியே வந்து விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, 'அவ்வளவுதானா அண்ணே, இதுக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்னே' என்று சிரித்தாள். நான் பஸ் ஏற்றி விட்டேன்.

2012-ல் அந்த நிலத்தை விற்றுத்தான் உன்னைக் காலேஜில் சேர்த்தோம். வாங்க வந்தவரின் வக்கீல் பழைய பத்திரம் எல்லாம் பார்த்தபோது விஷயம் அத்தை வீட்டுக்காரர் காதுக்குப் போயிற்று. அவர் வந்து வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார், அதை இங்கே எழுத என்னால் முடியவில்லை. அத்தை சண்டைக்கு வரவில்லை, வழக்குப் போடவில்லை. ஆடிக்கு வருவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். நான் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம் என்றே பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது. உன்மேல் இதில் எந்தத் தப்பும் இல்லை, நீ சின்னப் பையன். ஆனால் உன் படிப்பில் அவள் பங்கு இருக்கிறது, அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செல்வி இன்னொன்றும் சொன்னாள். இடம் வாங்கணும் என்று பேச்சு வந்தபோது உன்னிடம் போகச் சொன்னதே அத்தைதானாம். 'வெளியாளுகிட்ட ஏன் போற, அண்ணன் பையன் இருக்கான்ல' என்றாளாம்.

அதனால் செந்தில், அந்த ஐம்பதாயிரத்தை முதலில் திருப்பிக் கொடு. உன் கையில் செலவாகிவிட்டது என்றால் சொல், பென்ஷன் இல்லாவிட்டாலும் தபால் ஆபீஸில் கொஞ்சம் இருக்கிறது, நான் தருகிறேன், நீ கொடுத்ததாகவே இருக்கட்டும். வாடகைக்குக் கஷ்டம் என்றாலும் சொல். முதல் ஒரு வருஷம் இந்தத் தொழிலில் காசு வராது, குடைக்காரருக்கே வரவில்லை, அதை மறைக்கத்தான் போன் எடுக்காமல் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். அப்புறம் அந்த மனையின் பேப்பர் எல்லாம் எனக்கு அனுப்பு. தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், புலப்படம், சாலையும் பூங்கா இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதியாயிற்றா, எல்லாம். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். நல்ல இடமாக இருந்து, அப்ரூவலும் கைக்கு வந்தால், செல்விக்கு நீயே உட்கார்ந்து பத்திரத்தை முதலில் இருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அதற்கப்புறம் கையெழுத்து வாங்கு. சரியில்லை என்றால் கம்பெனியில் என்ன சொன்னாலும் வெளியே வந்துவிடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அந்த விடுதலைப் பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை அவள் எதிரில் படிக்கப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். காலை எட்டரைக்கு மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன், நீயும் வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். வர முடியாது என்றால் அம்மாவுக்காவது ஒரு போன் செய்.

நோட்டீஸை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும் இடங்களைப் பார்.

அன்புடன்,
அப்பா