தாளத்தை நிறுத்தாமல் கேளுங்கள், அப்பா

டொராண்டோ,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. பொங்கலன்றைக்கு அதைச் சூடான சாதத்தில் போட்டு நெய் விட்டுச் சாப்பிட்டேன்.

இங்கே மூன்று நாளாகப் பனி. விடிந்ததும் முதல் வேலை, வாசலில் கிடக்கும் பனியை வாரித் தள்ளி, கல் உப்பைத் தூவி, நடக்க வழி பண்ணுவது. நான் இருக்கும் பேஸ்மென்ட் அறையின் ஜன்னல் தரைமட்டத்தில்தான் இருக்கிறது. பனி குவிந்தால் பாதி மூடிவிடும். தெருவில் கார் போகும் சத்தம்கூட உள்ளே வராது. அந்த நிசப்தத்தில்தான் தினமும் ராத்திரி பாட்டு கேட்கிறேன்.

போன மாதம் போனில் மேற்கத்திய சங்கீதத்தைப் பற்றி ஒன்று கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "எழுதி வைத்ததை எழுதினபடியே வாசிக்கிறார்கள். சுரத்தை அசைக்கும் கமகம் கிடையாது, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் கற்பனைஸ்வரம் கிடையாது. அப்புறம் ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது?" என்றீர்கள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜி.என்.பி. பாடிய தோடி ராகத்தையும் செம்மங்குடி பாடிய தோடியையும் அடுத்தடுத்து டேப்பில் போட்டு எனக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அதனால் அதே மாதிரி இங்கேயும் செய்து பார்த்தேன். ஆள் இரண்டில்லை, ஒருவர்தான். கிளென் கூல்ட் என்ற பியானோ கலைஞர். இந்த ஊரில் பிறந்தவர்.

பாக் என்ற ஜெர்மன் மேதை 1741இல் வெளியிட்ட 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்றொரு படைப்பு. முதலில் ஆரியா என்று ஒரு சிறிய பாட்டு. பிறகு அதன்மேல் 30 வேரியேஷன்கள், அதாவது மாறுபட்ட வடிவங்கள். கடைசியில் அதே ஆரியா திரும்ப வந்து முடியும். நம் சங்கதி மாதிரி என்று முதலில் நினைத்தேன், அது சரியில்லை. சங்கதியில் மேலே ஓடும் மெட்டு வளரும். இதில் மெட்டு போய்விடுகிறது. இடது கை அடியில் போடும் அஸ்திவாரம் மட்டும் நிற்க, அதன்மேல் ஒவ்வொரு தடவையும் வேறொரு வீடு எழும்புகிறது.

இதை கூல்ட் 1955இல், 22 வயதில், நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தார். பிறகு 1981இல், 48 வயதில், அதே ஸ்டுடியோவுக்குப் போய் மறுபடியும் வாசித்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51. பாக் 'திருப்பி வாசி' என்று குறித்த இடங்களை இளவயதில் அவர் விட்டுவிட்டார், பின்னால் சிலவற்றை எடுத்துக்கொண்டார். அதனாலும் நேரம் கூடியது. ஆனால் ஆரியாவை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் அதைத் திருப்பி வாசிக்கவில்லை. அதே சுரங்கள், ஒன்றுகூடக் கூடவில்லை. 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1981இல் சுமார் மூன்று நிமிடம்.

பியானோவில் சுரத்தை அசைக்க முடியாது, அப்பா. கட்டையை அழுத்தினால் அது பிறந்து தேய ஆரம்பித்துவிடும். வாசிப்பவர் கையில் மிச்சம் இருப்பது எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது, அடுத்ததற்கு முன் எவ்வளவு காத்திருப்பது, இரண்டு கைகளில் எதை முன்னால் நிறுத்துவது, இவ்வளவுதான். 1981 ஆரியாவில் ஒரு சுரம் தேய்ந்து, இனி இல்லை என்று நினைக்கும்போது அடுத்தது வருகிறது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

உங்களுக்கென்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். 1981இல் அவர் வேரியேஷன்களைத் தனித்தனியாக விடவில்லை. ஒன்றின் காலப்பிரமாணத்துக்கும் அடுத்ததன் காலப்பிரமாணத்துக்கும் கணக்கு வைத்து வாசித்தார். நம் முதல் காலம், அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலம் மாதிரி உள்ளே ஒரே நாடி ஓடுகிறது. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டேன். ஒன்று முடிந்து அடுத்தது வேறு வேகத்தில் தொடங்கும், பல இடங்களில் என் தட்டல் மட்டும் மாற வேண்டியிருக்கவில்லை. நீங்கள் தொடையில் போடும் தாளத்தையும் நிறுத்த வேண்டாம்.

வயதானால் நிதானம் என்று இதற்குள் முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், 25ஆம் வேரியேஷன் வரும்வரை. மொத்தத்திலும் மிகச் சோகமான இடம் அது. அதை 1955இல் இளைஞராக அவர் வாசித்தது சுமார் ஆறரை நிமிடம். 1981இல் ஆறு நிமிடம்தான்! தன் பழைய வாசிப்பை, குறிப்பாக இந்தப் பகுதியை, பின்னாளில் அவரே குறை சொன்னார். இதில் மட்டும் நான் அவர் கட்சி இல்லை. 22 வயதில் அந்தத் துக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் அது உண்மையானது. முழுதாகக் கேட்க 1981, இந்த ஓர் இடத்துக்கு 1955 என்றுதான் வைத்திருக்கிறேன்.

இரண்டிலும் அவர் முனகுவது கேட்கும், இரைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். வாசிக்கும்போது கூடவே பாடும் பழக்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. போகாத இன்னொன்று அவருடைய நாற்காலி. மடக்கு நாற்காலி ஒன்றின் கால்களை அவருடைய அப்பா அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தார். போகும் இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்துதான் வாசித்தார். மெத்தை கிழிந்து போன பிறகும் அதை மாற்றவில்லை.

இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்த சமயத்திலேயே, 1982 அக்டோபரில், இறந்துபோனார். 50 வயது நிரம்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மவுண்ட் பிளஸன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் அந்த ஆரியாவின் முதல் சுரங்களைப் பொறித்திருக்கிறார்களாம். பனி கரைந்ததும் போகவேண்டும். ஃப்ரன்ட் தெருவில் வெண்கலத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மடியில் பனி குவிந்திருந்தது. கையுறையோடு அதைத் தட்டிவிட்டு, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மார்ச்சில் ஊருக்கு வரும் சித்தப்பா பையனிடம் இரண்டு சிடியும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இரண்டு ஆரியாவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பிறகு இரண்டு 25ஐயும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், சுருதி விஷயத்தில் அவள் காது உங்களுடையதைவிடக் கூர்மை. 25இல் நான் சொன்னது சரியா, கூல்ட் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்