லைனிங்கில் இருந்த பூ

அன்புள்ள கயலுக்கு,

ஊர் வந்து பத்து நாளாகிறது. கை மெஷினில் இருக்கிறது, மனசு இன்னும் ஜப்பானில், உன் கியோத்தோவில்தான். மே 15 அன்று அவோய் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாயே, பல்லக்கில் வந்த பெண்ணின் உடையைப் பார்த்து, "பூவே காணோமே?" என்று கேட்டேன். "கை ஓரத்தைப் பாரும்மா" என்றாய். அடுக்கடுக்காகப் பட்டு, ஒவ்வொன்றின் விளிம்பும் ஒரு விரற்கடை வெளியே தெரிந்தது. அந்த நிற வரிசைதான் பூ என்று எனக்குப் புரியவே நேரமானது.

நீ சொன்ன செர்ரிப் பூ நிற அடுக்கை மறக்க முடியவில்லை. மேலே மெல்லிய வெள்ளைப் பட்டு, உள்ளே சிவப்பு லைனிங். முப்பது வருஷமாக, லைனிங் நிறம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டே தைத்தவள் நான். நேற்று ராத்திரி வெள்ளை மல் துணிக்கு அடியில் சிவப்பு சாட்டினை வைத்துப் பார்த்தேன். துணி ஒட்டிய இடத்தில் ரோஸ், மடிப்புத் தூக்கிய இடத்தில் வெளுப்பு. இதழ் மாதிரியே இருந்தது கயல்!

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த அரண்மனைப் பெண்கள் முகம் காட்டாமல் திரைக்குப் பின்னால்தான் இருந்தார்களாம். மாட்டு வண்டியின் திரைக்கு அடியில் கை ஓரம் மட்டும் வெளியே தொங்கும். ஊர் பார்ப்பது அதைத்தான். அப்படியென்றால் நிறம் தேர்ந்தெடுக்க எவ்வளவு யோசித்திருப்பார்கள்! பருவமும் தப்பக் கூடாது. பிளம் பூ முடிந்த பிறகு மூன்றாம், நான்காம் மாதத்தில் செம்பிளம் நிறம் உடுத்துவதை, பகலில் குரைக்கும் நாயோடு சேர்த்து, மனசுக்கு ஒட்டாதவை என்று அந்த அரண்மனையிலேயே இருந்த எழுத்தாளர் சேய் ஷோனாகோன் எழுதிவைத்தார் என்றாயே. அவர் கண் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த உடையின் நெசவில் ஆமையோட்டுக் கட்டமும், பின்னால் இழுபடும் துணியில் அலையும் பைன் மரமும் வருமே, அவையும் அழகுதான். ஆனால் எனக்கு நிறம்தான் பெரிசு. அதிலும் 'பனிக்கு அடியில்' என்று ஓர் அடுக்கு சொன்னாயே: மேலே இரண்டு வெள்ளை, கீழே செம்பிளம் படிப்படியாக, கடைசியில் பச்சை. அதை ஒரு ரவிக்கையின் கை ஓரத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். எந்தச் சிவப்பு என்றுதான் பிடிபடவில்லை.

பிப்ரவரியில் கிதானோ தென்மாங்கு கோயிலில் பிளம் பூக்கும்போது, பனி பெய்த காலையாகப் பார்த்துப் போய் ஒரு கிளையைப் படம் பிடித்து அனுப்பு. ஃபில்டர் எதுவும் போடாதே. கையுறை போட்டுக்கொண்டு போ.

அம்மா