கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரில் தெருப் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் எல்லா ஊரிலும் கொசு மருந்து அடிப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரு நோட்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் மேஜை மேலேயே கிடக்கிறது. அதை அன்றன்றைக்கு எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நான் முப்பத்தொரு வருடம் அரசு செவிலியராக இருந்தேன். அதில் பன்னிரண்டு வருடம் கேஷுவாலிட்டியில்.

பல வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். எனக்கு நைட் டூட்டி. பத்து மணி வாக்கில் ஒரு பாட்டியை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். நிற்காத வாந்தி, தண்ணீராகப் போகிறது, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. உடனே ட்ரிப்ஸ் போட்டோம். விடிவதற்குள் அதே தொந்தரவோடு இன்னும் நான்கு பேர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒருவர் பிரியாணி என்றார், ஒருவர் பழைய சோறு என்றார். ரிஜிஸ்டரில் ஐந்து பேருக்கும் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். முகவரிக் கட்டத்தில் ஊர்ப் பெயர் மட்டும். அதில் அதற்குத்தான் இடம் இருந்தது. காலையில் டூட்டி மாற்றும்போது, "அஞ்சு லூஸ் மோஷன் கேஸ், ட்ரிப்ஸ் ஓடுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

பகலில் சிலர் வந்திருக்கிறார்கள். மறுநாள் இரவு சிலர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் அந்த எட்டு மணி நேரம் மட்டும்தான் தெரியும். மூன்றாம் நாள் நான் மறுபடி நைட் போனபோது ஒரு சிறுவனை அவன் அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் படுத்திருக்காங்க சிஸ்டர்" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். வார்டில் சேர்த்தவர்களின் கேஸ் ஷீட்டில் முழு முகவரி இருந்தது. மற்றவர்களைப் பற்றி வாட்ச்மேனிடம் கேட்டேன். மொத்தம் இருபத்துமூன்று பேர், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு தெருக்காரர்கள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது அப்புறம் தெரிந்தது. அந்தப் பாட்டி இரண்டாம் நாளே இறந்துவிட்டார். ஒருவேளை அவரை எங்களால் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அந்தச் சிறுவன் குடித்த தண்ணீரை அதற்கு முன்பே நிறுத்தியிருக்க முடியும். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நம் நாட்டில் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கிராமச் செவிலியர் அறிகுறியை எழுத ஒரு படிவம், டாக்டர் சந்தேகப்படும் நோயை எழுத ஒன்று, லேபில் உறுதியானதை எழுத ஒன்று. முதலில் வாரக் கணக்கு; 2021-ல் புதிய இணைய வசதி வந்தபின் தினமும் பதிவு செய்யலாம். பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் இரவு வந்து, இரண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் பஸ் பிடிக்கிறவர் நான் வேலை பார்த்த இடத்தில் எந்தப் படிவத்திலும் ஏறியதில்லை. மலத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு நாளாவது ஆகும். அதுவரை அந்தக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். காலரா என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதவே பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதினால் மேலிடத்தில் கேள்வி, பத்திரிகையில் செய்தி. அறிகுறிக் கணக்கில் அந்தப் பயமே தேவையில்லை. எந்த நோய் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தத் தெருவிலிருந்து நேற்று இத்தனை பேர் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள், அவ்வளவுதான்.

நியூயார்க் நகர சுகாதாரத் துறை 2001-லிருந்து இதைத்தான் செய்கிறது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர் வாசலில் சொல்லும் தொந்தரவை மருத்துவமனைகளிலிருந்து தினமும் வாங்கி, காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பிரித்து எண்ணுகிறார்கள். 2003 ஆகஸ்டில் அங்கே பெரிய மின்தடை வந்தது. அதை அடுத்து வயிற்றுப்போக்குக் கணக்கு வழக்கத்தைவிட ஏறியது. விசாரித்துப் பார்த்தால், மின்சாரம் போன பிறகு இறைச்சியும் மீனும் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்திருந்தது.

அங்கே பணம் இருக்கிறது, கணினி இருக்கிறது என்பார்கள். சரி, வேலூரைப் பாருங்கள். 1980-களில் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து மருத்துவர்களிடம் அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட சில நோய்களில் ஒன்று என்று சந்தேகம் வந்தால் ஒரு கார்டு போட வேண்டும். வந்ததையெல்லாம் தொகுத்து ஒரு மாத இதழாக அந்த மருத்துவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும். பின்னால் கேரளத்தில் கோட்டயம் மாவட்டமும் இதே முறையை எடுத்துக்கொண்டது. தபால் கார்டில் நடந்த வேலை இது. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

நர்ஸ் தலையில் இன்னொரு படிவத்தை ஏற்றாதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள். ஒரே நேரத்தில் விபத்துக் கேஸையும் பூச்சிமருந்து குடித்தவரையும் பார்த்துக்கொண்டிருப்பவரால் அது முடியாது. சீட்டு போடும் இடத்திலேயே தெருப் பெயரையும் கேட்டுப் பதிந்துவிடலாம். காலை எட்டு மணிக்கு ஒருவர், முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் வந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் மூன்றையும் தெருவாரியாக எண்ணி நகராட்சி சுகாதார அலுவலருக்கு அனுப்பினால் போதும். நோயாளியின் பெயர் அதில் வேண்டியதே இல்லை. தனியார் மருத்துவமனைகளும் இதே மூன்று எண்களைத் தர வேண்டும். காசு இருக்கிறவர் முதலில் அங்கேதான் போகிறார். தீபாவளிக்கு மறுநாள் வயிற்றுக் கேஸ் கூடும் என்பது எந்த நர்ஸுக்கும் தெரியும். அதனால் சில நாள் வீண் அலைச்சலாகவும் போகலாம். போகட்டும். சுகாதார ஆய்வாளர் ஒரு தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர அரை மணி நேரம் போதும்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஏதாவது ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கும்படி சுகாதாரத் துறையை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெயர், வயது, வந்த நேரம், என்ன தொந்தரவு எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டரில் ஏற்கெனவே கட்டம் இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது முகவரிக் கட்டத்தை இன்னும் இரண்டு விரல் அகலமாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.