ரேடியோவுக்காக வண்டியை விற்க வேண்டாம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று அவள் கேட்கச் சொல்கிறாள்.

உங்கள் கார் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதி மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் வண்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரியை மாற்றியும் அதே கதை, மாப்பிள்ளை வண்டியைக் கொடுத்துவிடலாம் என்கிறார் என்றாய். கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் நீ சொன்ன மற்ற விஷயங்களைச் சேர்த்துப் பார்: ரேடியோ டிஸ்ப்ளே பாதிதான் எரிகிறது, சி.டி. வெளியே வரமாட்டேன் என்கிறது, சாவியை எடுத்த பிறகும் உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். எஞ்சின் பேரில் ஒரு புகாரும் இல்லை. எனக்குச் சந்தேகம் கம்பெனி வைத்துக் கொடுத்த அந்த ரேடியோ பேரில்தான். ஒரு ரேடியோவுக்காக ஓடுகிற வண்டியை யாராவது விற்பார்களா?

சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் காலமெல்லாம் பேட்டரி தகடுகளைப் பார்த்துக் கொண்டிருந்தவன் மகளுக்கு, அளந்துகூடப் பார்க்காமல் புது பேட்டரி விற்றிருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அந்த நிலையத்தை இந்த ஊருக்குக் கொண்டு வந்தார், 1953இல் திறந்தார்கள். இத்தனை காலம் கழித்தும் பேட்டரி செத்தால் ஏன் செத்தது என்று கேட்கிற கடைக்காரர் குறைவு. சரி, அது இருக்கட்டும்.

கணக்கு இதுதான். சாவியை எடுத்த பிறகும் எந்த வண்டியிலும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கடிகாரம் ஓட வேண்டும், ரேடியோ தன் ஸ்டேஷன்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள், ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் மணிகூட ஆகாது. ரேடியோ தூங்காமல் விழித்திருந்து 400 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வை. ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் மணி. உங்கள் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் மணி கொள்ளும் பேட்டரி. நாலாவது நாள் முழுசாகவே காலி, ஸ்டார்ட்டர் சுற்ற மறுப்பது அதற்கு வெகு முன்பே. நீ சொன்ன நாள் கணக்கோடு இது ஒத்துப்போகிறது பார்.

பேட்டரி ஒருமுறை இறங்கினால் ஏற்றிக்கொள்ளலாம். இறங்கின நிலையிலேயே கிடந்தால்தான் ஆபத்து. தகட்டில் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. புது பேட்டரியும் அந்தக் கதிக்குப் போவதற்குள் இந்த வேலையை முடித்துவிடு.

கழற்றுவதற்கு முன்னால் குற்றவாளி ரேடியோதானா என்று உறுதி செய்துகொள். சந்தேகத்தின் பேரில் டேஷ்போர்டில் கை வைக்கிற பழக்கமே கூடாது. காலையில் வண்டியைத் திறந்ததும், சாவி போடுவதற்கு முன், ரேடியோவின் முகத்தைத் தொட்டுப் பார். இரவெல்லாம் சும்மா இருந்த செட் குளிர்ந்து இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது. சி.டி.யைத் தள்ளப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருக்கிற மோட்டாராக இருக்கலாம், காய்ந்துபோன கெபாசிட்டராக இருக்கலாம். அப்புறம் பியூஸ் பெட்டியின் மூடியைப் பார், எந்த பியூஸ் ரேடியோவுக்கு என்று படம் போட்டிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை முழுசாக ஏற்றி, வண்டியை அந்த மூன்று நாள் நிறுத்திப் பார். ஸ்டார்ட் ஆனால் விஷயம் பெரும்பாலும் முடிந்தது. சில வண்டிகளில் உள்விளக்கும் கடிகாரமும் அதே பியூஸில் இருக்கும், அவையும் சேர்ந்து அணைந்தால் பயப்படாதே. ஆனால் அப்படி இருந்தால் பழியை ரேடியோ தலையில் மட்டும் போட முடியாது, மின்சாரம் அளக்கும் மீட்டர் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

என் மீட்டரையே அனுப்புகிறேன். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகு. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீட்டரை வை. கதவுகளை மூடி, அரைமணி நேரம் விட்டுப் பிறகு எண்ணைப் பார், உடனே பார்த்தால் எல்லாமே விழித்திருக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதே, அதன் பியூஸ் போய்விடும். இப்போது ரேடியோ பியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுந்தால் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றும் நாளில் முதல் வேலை, வண்டிப் புத்தகத்தோடு ஒரு சின்ன அட்டை இருக்கும், அதில் நாலு இலக்க எண் இருக்கிறதா பார். அந்தக் காலத்துக் கம்பெனி ரேடியோக்களில் பலவற்றுக்குத் திருட்டுப் பூட்டு உண்டு. மின்சாரம் துண்டித்து மறுபடி கொடுத்தால் அந்த ரகசிய எண்ணைக் கேட்கும். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செட்டை வெளியே எடுத்ததும் மேல் தகட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வை. ரிப்பேர் பண்ணி மறுபடி மாட்டினால் தேவைப்படும். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்காதே. தப்பாகப் போடப் போடக் காத்திருக்கச் சொல்லும், கடைசியில் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகடிவைக் கழற்று. பாசிடிவ் பக்கம் போக வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள். கியர் லீவர் செட் வெளியே வரும் வழியில் நின்றால் அதைப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பழைய துண்டைப் போடு. செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் மாஸ்கிங் டேப் ஒட்டு. வெயிலில் இத்தனை வருஷம் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பவே கூடாது. டேஷ்போர்டில் விழுந்த விரிசலை எந்தக் கடையிலும் ஒட்டித் தரமாட்டார்கள்.

சில வண்டிகளில் ரேடியோவைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும், அதை இழுத்தால் கிளிப் விடும், உள்ளே நாலு ஸ்க்ரூ. நம் வண்டியில் அந்த வேலை இல்லை. முகத்தில் இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, சின்னத் துளைகள் இருக்கின்றன அல்லவா? நீ சின்ன வயதில் அதில் ஊக்கு விட்டுப் பார்த்து ஆத்தாவிடம் அடி வாங்கியது ஞாபகம் இருக்கும். அவை சும்மா அழகுக்கு இல்லை. உள்ளே இருபக்கமும் ஸ்பிரிங் தகடு ஒன்று, செட் உட்கார்ந்திருக்கும் கூண்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கெட்டிக் கம்பியை லாடம் போல வளைத்து இரண்டு சாவி செய்து அனுப்புகிறேன். ஒன்றை இடது பக்கத் துளைகளிலும் ஒன்றை வலது பக்கத் துளைகளிலும் நேராகச் செருகு. டிக் என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும், விரலுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் டிக் ஆன பிறகு, இரண்டு கம்பியையும் லேசாக வெளிப்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டே உன் பக்கம் இழு. இடது கொஞ்சம், வலது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வரட்டும். வரவில்லை என்றால் ஒரு பக்க ஸ்பிரிங் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாதே. திரும்பத் தள்ளி, கம்பியை எடுத்து, மறுபடி செருகு.

பாதி வந்ததும் நிறுத்து. பின்னால் ஒயர் நீளம் அதிகம் இருக்காது. கையை உள்ளே விட்டுப் பார்க்கும் முன் போனில் ஒரு படம் எடு. ஆன்டெனா ஒயர் தனியாகத் தடித்து இருக்கும், அதன் முனையைப் பிடித்து இழு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. மற்றவை இரண்டு பிளக்குகள், ஒவ்வொன்றிலும் எட்டுக் கால். பழுப்பு நிறம் ஸ்பீக்கருக்கு, கறுப்பு மின்சாரத்துக்கு. பக்கத்தில் இருக்கும் நாக்கை அமுக்கினால்தான் விடும்.

செட்டை வெளியே எடுத்ததும் புதுசு மாட்டுகிற அவசரத்தில் கடைக்கு ஓடாதே. நெகடிவை மாட்டுவதற்கு முன் மறுபடி மீட்டரை வைத்துப் பார். அந்த எண் 0.05க்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள், வந்தால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் ரேடியோவுக்குக் கூட்டாளி வேறு எங்கோ இருக்கிறான். ஒவ்வொரு பியூஸாக எடுத்துத் தேட வேண்டும், அதை நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புது செட் மாட்டப் போனால், "இந்த பிளக் வேண்டாங்க, கட் பண்ணி ஜாயின்ட் போட்டுத் தர்றேன்" என்பார்கள். வெட்டவே விடாதே. அந்தக் கறுப்பு, பழுப்பு பிளக்குக்குச் சேருகிற அடாப்டர் ஒயர் கடையிலேயே கிடைக்கும், விலையும் பெரிதில்லை. டேப் சுற்றிய ஜாயின்ட்தான் நாளைக்குத் தீப்பொறி. வெளியில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் வருவதற்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவதற்கு, கறுப்பு எர்த். வண்டிப் பக்கத்து ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பாதே, மீட்டர் வைத்துப் பார். கறுப்பு பிளக்கில் எப்போதும் மின்சாரம் வரும் 4ஆம் காலும் சாவி போட்டால் வரும் 7ஆம் காலும் சில வண்டிகளில் இடம் மாறியிருக்கும். அப்படி இருந்தால் புது செட் ஒவ்வொரு தடவை சாவி எடுக்கும்போதும் ஸ்டேஷன்களை மறந்துவிடும். செட்டில் கோளாறு என்று சண்டைக்குப் போகாதே, மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

அளவும் சொல்லிவிடுகிறேன். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன்காரர்கள் 1984இல் வைத்த அளவு, இன்றும் அதே அளவில் புது செட் கிடைக்கிறது. பெரிய தொடுதிரைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னால் அதற்கு இரண்டு மடங்கு உயரம் வேண்டும், டேஷ்போர்டை அறுக்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்த ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிச் சொருகிவிட்டு, சில்லறையைப் போட்டு வைப்பேன். பாட்டுதான் போனில் இருக்கிறதே. பேரன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும், அது உங்கள் பாடு.

கழற்றின செட்டை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே. இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பார், செட்டிநாட்டுப் பழைய வளவு வீடுகளில் இருந்து வந்த வால்வு ரேடியோக்கள் மரப்பெட்டியோடு அடுக்கி இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உன் ஐயா, அதாவது தாத்தா, ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டினார், அந்தப் புத்தகம் இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் பெட்டி அந்த மதிப்புக்கு வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே உன் கல்யாணத்துக்கு வாசித்தவர்களின் நாதஸ்வர சி.டி. மாட்டிக்கொண்டிருக்கிறது. மேல் தகட்டின் ஸ்க்ரூக்களை எடுத்தால் சி.டி.யை உருவிவிடலாம். நீ திறக்காதே, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. கெபாசிட்டர் மாற்றிப் பார்க்க எனக்கும் ஒரு வேலை ஆயிற்று.

பொருள்களை அடுத்த வீட்டுப் பையன் ஓசூர் பஸ்ஸில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மீட்டர், இரண்டு கம்பிச் சாவி, ஒரு ரோல் டேப். ஆத்தா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கட்டி வைத்திருக்கிறாள். கம்பியை அந்த டப்பாவுக்குள் வைக்கக் கூடாது என்று இப்போதே சண்டை.

ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்துக்கொள், நடுவில் சந்தேகம் வந்தால் போன் போடு. முதலில் பேட்டரி வோல்ட்டைச் சொல். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்து 12.6 இருந்தால் நன்றாக ஏறியிருக்கிறது, 12க்குக் கீழே என்றால் சார்ஜரில் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். மீட்டருக்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரி பழசாகிவிட்டது. புதுசு போட்டுவிட்டு அள, இல்லாவிட்டால் இல்லாத எண்ணைக் காட்டும்.

இப்படிக்கு,
அப்பச்சி