காட்சிப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

அருங்காட்சியகம் என்றதும் 'ஏசி போடுங்கள்' என்ற கோரிக்கைதான் முதலில் எழுகிறது. பகலில் மட்டும் ஓடும் ஏசியைவிட அது இல்லாமலே இருப்பது பல பொருள்களுக்கு நல்லது. 30 டிகிரி செல்சியஸில் 60 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாலையில் ஏசியை நிறுத்தியதும் வெளிக்காற்று கசிந்து வந்து, பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த சிலைகளின் மேல் படிகிறது. அங்கே நடப்பது இதுதான். உப்பின் குளோரைடு ஊறிய வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்க இவ்வளவு ஈரம் தேவையே இல்லை. 45 சதவீதமே போதும். மரமோ தினமும் உப்பிச் சுருங்கி, மேலுள்ள வண்ணத்தை உதிர்க்கும். ஒரே நாளில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

அதைவிடக் கவலை தருவது பெட்டியின் உட்காற்று. ப்ளைவுட்டும், மரநாரைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களை விடுகின்றன. காற்றுப் புகாத பெட்டியில் அவை தேங்கி, ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். சிப்பி, சங்குகளின் மேல் உப்புப் பூக்கும். கம்பளித் துணி விரித்தால் அதன் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பெட்டிக்கு டெண்டர் விடும்போதே பலகை, பசை, பெயின்ட், துணி எல்லாவற்றுக்கும் 'ஆடி' (Oddy) சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளை அந்தப் பொருளோடு ஈரமான குப்பியில் மூடி, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பதுதான் அது, செலவு சொற்பம். பெயின்ட் அடித்த பெட்டியைச் சில வாரமாவது திறந்து போட்ட பிறகே பொருளை உள்ளே வைக்கலாம்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லிலும் ஒரு தவறு நடக்கிறது. பாக்கெட்டிலிருந்து எடுத்த ஜெல்லை அப்படியே வைத்தால் ஓலைச்சுவடி வறண்டு வெடிக்கும். அதை முதலில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்துப் பழக்கி, பெட்டியின் ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு 20 கிலோ என்ற கணக்கில் வைக்க வேண்டும். வறட்சி கேட்கும் வெண்கலத்தைச் சுவடியோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது.

ஈரப்பதமானியையும் நம்பிவிட முடியாது. நீர் விட்டுக் குழைத்த உப்போடு அதை ஒரு டப்பாவில் இறுக மூடினால், மறுநாள் 75 சதவீதம் காட்ட வேண்டும். அப்படிச் சரிபார்த்த பதிவுக் கருவிகளைக் கூடத்திலும் பெட்டிக்குள்ளும் ஓராண்டு, இரவும் பகலும் ஓடவிட்டு, அந்தப் பதிவைப் பார்த்த பிறகே ஏசிக்குப் பணம் ஒதுக்குமாறு பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அருங்காட்சியகப் பொருள் பாதுகாப்புப் பணியாளர்கள்