அக்கா, அந்தச் சாட்சியை நான் சொல்லப் போவதில்லை

அன்புள்ள அக்கா,

நன்றி ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வரமாட்டேன். சாட்சி சொல்ல வரச் சொல்லி நீங்கள் அனுப்பிய வொயிஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போனில் பேசியிருந்தால் நீங்கள் "பிள்ளை" என்று ஒரு தடவை கூப்பிட்ட உடனேயே சரி என்று சொல்லியிருப்பேன். இப்படிப் பொதுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆனால் நீங்களும் அந்த வவுனியா ஆஸ்பத்திரிக் கதையைப் பொதுவில்தானே சொன்னீர்கள். கனடாவில், ஸ்காபரோவில் நீங்கள் பேசிய வீடியோ இங்கே நம் சபை வட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து, "நீங்களும் கூட இருந்தனீங்கள்தானே" என்று கேட்கிறார்கள்.

இருந்தேன். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சபையின் பெயரை எழுதவில்லை. அந்த அம்மாவின் பெயரும் ஊரும் இங்கே வராது. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

போர் முடிந்த அந்த 2009 மே மாதத்தில் கொழும்பு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலி வீதியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளவத்தையில் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பால்மா பைக்கற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்னர், 2007 ஜூனில், இதே கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயம் நமக்குள் இருந்தது. சபையில் பலர் காசு தந்தார்கள், கூட வர ஆளில்லை. நீங்கள் வளையலை அடகு வைத்தீர்கள். பெண்களுக்கு உள்ளுடுப்பும் நப்கினும் வேண்டும், அதை எந்த ஆணும் பட்டியலில் எழுதமாட்டான் என்று சொல்லி நீங்களே புறக்கோட்டைக்குப் போய் வாங்கி வந்தீர்கள். சவர்க்காரம், செருப்பு, பிள்ளைகளுக்குச் சட்டை. வீடியோவில் இதையெல்லாம் ஒரே வசனத்தில் தாண்டிவிட்டீர்கள். நான் பெருமையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

சரி, வவுனியா. ஆஸ்பத்திரி வார்ட்.

"பிரார்த்தித்த உடனே அந்தத் தாய் பொட்டை அழித்தாள், இயேசுவை ஏற்றுக்கொண்டாள்" என்று சொல்கிறீர்கள். அக்கா, அந்த அம்மாவின் நெற்றியில் அன்று பொட்டே இல்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து காயத்தோடு வந்தவர், தரையில் பாயில் படுத்திருந்தார். நீங்கள் குனிந்து, "ஜெபிக்கலாமா அம்மா?" என்று கேட்டீர்கள். "ஜெபியுங்கோ. முதல்ல இதை எழுதுங்கோ" என்றார். நான் கொப்பியை எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "பேனையை உள்ளுக்கு வை பிள்ளை" என்றீர்கள். வாசலில் நின்றது யார் என்று இங்கே எழுத வேண்டாம்.

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிஸ்கட்டும் ஜெபமும் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு பெயரை எழுதத் தைரியமில்லையா என்று நினைத்தேன்.

நீங்கள் முழங்காலில் இருந்தீர்கள். அவர் கையைப் பிடித்து, காதோடு, "பெயர்களை எனக்குச் சொல்லுங்கோ அம்மா, நான் ஆண்டவரிட்டச் சொல்லுறன்" என்றீர்கள். அவர் மெல்லச் சொல்லச் சொல்ல நீங்கள் உரத்துச் சொன்னீர்கள், நம் ஆட்கள் ஜெபிக்கிற அதே குரலில். ஆண்டவரே, இன்னாரின் மகன், இந்த வயது, இந்த ஊர், நீலச் சேட் போட்டிருந்தவன், வட்டுவாகலில் கையளிக்கப்பட்டவன். அடுத்து அவன் தம்பி. அடுத்து மருமகன். அவருடைய கணவரின் தம்பி. கடைசியாகப் பக்கத்துப் பங்கரில் இருந்த ஒரு பெடியன், "அவனுக்குக் கேட்க ஆரும் மிச்சமில்லை, அவனையும் சேருங்கோ" என்று அந்த அம்மா சொன்னவன். ஆமென் சொல்லாமல் முதல் பெயருக்கே திரும்பிப் போய் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னீர்கள். இரண்டாவது சுற்றில்தான், அதை எனக்கும் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று பிடிபட்டது. வான் வண்டியில் ஏறியதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மதவாச்சிச் சோதனைச்சாவடி தாண்டிய பிறகுதான் பிஸ்கட் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட ஜெபங்களில் அதுபோல வேறொன்று இல்லை. அதையா அக்கா நீங்கள் பொட்டுக் கதையாக மாற்றினீர்கள்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். காசு கொடுக்கிற சபைகளுக்கு எத்தனை ஆத்துமா என்று கணக்குக் காட்ட வேண்டும். சாமான் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று நம்மைக் குற்றம் சொல்லி 2004இல் பாராளுமன்றத்துக்கே சட்டமூலம் கொண்டுவந்தார்கள். நாம் அப்படிச் செய்யவில்லை என்று நான் இன்றுவரை வாதாடுகிறேன். நீங்களோ மேடையில் நின்று, செய்தோம் என்கிறீர்கள்.

"அந்தப் பெயர்க் கதை வேண்டாம், அரசியலாகிவிடும்" என்றும் மெசேஜில் சொல்லியிருக்கிறீர்கள். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் உட்கார்ந்து என்ன செய்தார்? 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்று கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், கணக்கு இருக்கிறது. வெளியே வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். ஒரு மேய்ப்பர் தன் ஆட்களை எண்ணியது அது. போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப் போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை என்று தள்ளிவிட முடியுமா?

2019 உயிர்த்த ஞாயிறு தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோனிலும் இறந்தவர்களுக்காக நம் ஆராதனையிலும் எழுந்து நின்றோம். பெயர்களை வாசித்தோம், அழுதோம். அரசியல் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் கூடாது.

நீங்கள் போய்விட்டீர்கள். போனது பிழை என்று சொல்லமாட்டேன், உங்கள் பிள்ளைகளுக்காகப் போனீர்கள். ஆனால் வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமை 2012 செப்டெம்பரில் மூடியபோது இங்கே இருந்தது நான். ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று நம் பெரியவர்களின் பெயர்களையே அந்த முட்கம்பி முகாம்களுக்கு வைத்திருந்தார்களே, அங்கிருந்து காணி இல்லாமல் வெளியே வந்தவர்களுக்குத் தகரம் தேடி அலைந்ததும் நான்தான். "நம் ஊழியம்" என்று நீங்கள் அங்கிருந்து சொல்லும்போது எனக்குச் சுடுகிறது. இதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

அப்புறம், உங்களுக்குத் தெரியாத ஒன்று. அந்த அம்மாவை மறுபடியும் கண்டேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்துக்குப் போயிருந்தபோது, மகன்மாரின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் அடையாளம் காணவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார். நெற்றியில் திருநீறு. முதல் கேள்வியே, "அந்த அக்கா எப்பிடி இருக்கிறா? அவ சொன்ன மாதிரி என்ர பிள்ளையளின்ர பேரை ஒருத்தரும் சொன்னதில்லை" என்பதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஆணைக்குழு, எத்தனையோ படிவம். காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கிறார். ஐந்து பெயரில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கத்துப் பங்கர்ப் பெடியனுக்கும் இவரே படிவம் நிரப்பியிருக்கிறார்.

வீடியோ பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதை எடுத்துவிடச் சொல்லி அந்தச் சபைக்கு நீங்கள்தான் எழுத வேண்டும்.

நன்றி ஆராதனையில் அந்த ஜெபத்தை நீங்களே மறுபடியும் செய்கிறீர்கள் என்றால், அவர் சம்மதத்தை நான் கேட்டுத் தருகிறேன், பக்கத்தில் வந்து நிற்கிறேன். இல்லையென்றால் என் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

அவருடைய நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அவரிடம் வட்ஸ்அப் இல்லை, நேரே கோல் எடுங்கள். எங்கள் பின்னேரத்தில் எடுத்தால் நல்லது, காலையில் தோட்டத்தில் நிற்பார், போன் கேட்காது.

உங்கள் பிள்ளை