முளையடிக்கும் நாள்

ஒல்லர்ட்டன், நாட்டிங்ஹாம்ஷயர்,
டிசம்பர் 1

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். நலம். குளிர் ஏற ஏற முழங்கால் வலி கூடத்தான் செய்கிறது, ஆனாலும் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. போன வியாழக்கிழமை லாக்ஸ்டன் போய்விட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். தாளில் என்றால் கடைசி வரை படிப்பாய்.

லாக்ஸ்டன் உனக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸாக நான் அலைந்த காலத்தில்தான் அந்த ஊர் எனக்குப் பழக்கமானது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவையும் உங்களையும் கூட்டிப்போவேன். கோட்டை பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனால், அங்கே ஒரு கல்கூட இல்லை, வெறும் புல்மேடுதான் இருக்கிறது என்று நீ அழுதாய். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கோட்டைக்காக எழுப்பிய மண்மேடு அது. உன் தங்கச்சி அதைப் பற்றிக் கவலையே படாமல் மேலே ஏறி உருண்டு உருண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் நீயும் அழுகையை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டாய். இரண்டு பேர் சட்டையிலும் ஒட்டிய செம்மண் கறை கடைசி வரை போகவில்லை.

அந்த ஊர் வயல்களில் வேலி இல்லை என்பதைக் கவனித்திருக்கிறாயா? பிரிஸ்டலிலிருந்து ரயிலில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார். எங்கு பார்த்தாலும் கட்டம் கட்டமாக முட்செடி வேலி, நடுவில் பச்சை. இங்கிலாந்து என்றால் காலங்காலமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்தக் கட்டங்களில் பல சட்டம் போட்டு உண்டாக்கியவை. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், பலர் கலந்து உழுத வயலாகவும் ஊர் மேய்ச்சலாகவும் இருந்ததெல்லாம் தனித்தனி ஆட்களின் வேலிக்குள் போயிற்று. காணி வைத்திருந்தவனுக்கு ஏதோ ஒரு மூலை கிடைத்தது. ஒரு பசுவை ஊர்ப் பொதுவில் மேயவிட்டுப் பிழைத்தவனுக்குப் பல இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

லாக்ஸ்டன் தப்பியது. அந்தப் பழைய திறந்த வயல் முறையில் இன்றும் உழுது விதைத்து நடக்கிற ஊர் இங்கிலாந்தில் அது ஒன்றுதான் மிச்சம் என்கிறார்கள். சவுத் ஃபீல்டு, மில் ஃபீல்டு, வெஸ்ட் ஃபீல்டு என்று மூன்று பெரிய வயல்கள். முதல் வருஷம் குளிர்காலக் கோதுமை, அடுத்த வருஷம் வசந்தத்தில் விதைக்கும் தானியம், மூன்றாம் வருஷம் தரிசு. இந்தச் சுழற்சி மூன்று வயலுக்கும் மாறி மாறி வரும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் நீள நீளப் பட்டைகள். ஒரே விவசாயியின் பட்டைகள் மூன்று வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். நல்ல மண்ணும் ஒருவனுக்கே போய்விடாது, தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஒருவன் தலையிலேயே விழாது. என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஒரு காலத்தில் கரையீடு என்று இருந்ததாம். பங்காளிகள் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு நிலத்தை மாற்றிக்கொள்வார்களாம். வயல் முழுக்க நெல் என்பதையும் கோதுமை என்பதையும் எடுத்துவிட்டால் மனுஷ மனசு கேட்கும் நியாயம் ஒன்றுதான் போல.

தரிசு வயலில் முன்பெல்லாம் ஊர் மாடுகளும் ஆடுகளும் மேயும். உழ முடியாத சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் விட்டுவைத்த புல்நிலத்துக்கு சைக் என்று பெயர். கோடையில் அந்தப் புல்லை ஏலம் விடுவார்கள். கலப்பையும் உரமும் படாத மண் என்பதால் அங்கே காட்டுப்பூக்கள் அடர்ந்து கிடக்கும். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட புல்வெளி அது. ஒரு ஜூன் மாதம் அங்கே நின்றபோது தலைக்கு மேலே வானம்பாடி ஒன்று இறங்காமல் பாடிக்கொண்டே இருந்தது. அப்பா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கூப்பிட்டும் வரவில்லை.

1635-ல் மார்க் பியர்ஸ் என்கிற நில அளவைக்காரர் இந்த ஊரைப் பட்டை பட்டையாக அளந்து வரைபடம் போட்டார். அசல் ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதன் பிரதியைப் பார்த்திருக்கிறேன். பட்டைகளுக்கு நடுவே குட்டிக் குட்டியாக ஏர் ஓட்டுகிறவர்கள், அறுவடை செய்கிறவர்கள். அந்த வரைபடத்தில் உள்ள வயல்களின் வழியேதான் இன்றைக்கு நான் நடக்கிறேன் என்றால் உடம்பு சிலிர்க்கிறது. பட்டைகளின் எண்ணிக்கை அன்றைக்கு இருந்ததைவிட இப்போது மிகக் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். ஆனாலும் முறை மாறவில்லை.

எப்படித் தப்பியது என்றால், நியாயமாக இதையும் சொல்ல வேண்டும், ஊரின் பெரும் நிலக்காரர்களான இரண்டு பிரபுக் குடும்பங்கள் நிலத்தை மாற்றிக்கொள்வதில் ஒத்துப்போகாததும் ஒரு காரணம் என்கிறார்கள். பிறகு 1952-ல் அரசாங்கத்தின் விவசாய அமைச்சகம் ஊர் நிலத்தை மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து வாங்கிக் காப்பாற்றியது. 1981-ல் அது, மணிமுடியின் பெயரில் உள்ள சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-ல் அந்த மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிவிட்டது. இத்தனை கை மாறியும் வயலுக்குச் சட்டம் சொல்வது ஊர் மன்றம்தான். அதற்கு கோர்ட் லீட் என்று பெயர். 1977-ல் நாடு முழுக்க இந்த மாதிரி பழைய மன்றங்களின் அதிகாரத்தை எடுத்தபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் வயல் நிர்வாகத்தை விட்டுவைத்தார்கள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் ஜூரி நாள் வரும். ஜூரி என்றால் மன்றத்துக்காக வயலைச் சோதிக்கிற குழு: ஊர் விவசாயிகளிலிருந்து பன்னிரண்டு பேரும் அவர்களுக்குத் தலைவராக ஒரு ஃபோர்மேனும். டவ்கோட் இன் என்கிற பப்பில் கூடி, டிரெய்லரில் ஏறி, அந்த வருஷம் கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். நான் காரை ஓரமாக விட்டுவிட்டு வண்டிப்பாதையில் தள்ளி நின்று பார்த்தேன். முந்தின நாள் மழை. அந்தக் களிமண் தெரியுமே, பூட்ஸைப் பிடித்தால் விடாது. கோதுமை சுண்டுவிரல் உயரம் வந்திருந்தது. குளிரில் மூக்கு சிவக்க, கையில் சம்மட்டியும் மரமுளைகளுமாக அவர்கள் பட்டை பட்டையாக நடந்தார்கள். பட்டை முடிகிற இடத்தில் நின்று கண்ணால் நேர்பிடித்து முளையடித்தார்கள். எவனுடைய கலப்பை பொதுப்பாதைக்குள் ஏறியிருக்கிறது, எவனுடைய சால் சைக் புல்லைத் தின்றிருக்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஓர் இடத்தில் நின்றுவிட்டார்கள். ஏதோ பேச்சு. ஒருவர் குனிந்து காலால் அளந்தார். இன்னொருவர் தலையாட்டினார். நான் நின்ற இடத்துக்கு வார்த்தை கேட்கவில்லை. பிறகு முளை இறங்கியது. சம்மட்டிச் சத்தம் மட்டும் என் வரைக்கும் வந்தது. தப்பு செய்தவர் அந்தக் கூட்டத்திலேயேகூட இருக்கலாம், ஏனென்றால் அத்தனை பேருக்கும் அங்கே நிலம் உண்டு. ஒரு வாரம் கழித்து மன்றம் கூடும்போது அதை வாசித்து அபராதம் போடுவார்கள். தொகை சின்னது. கட்டிவிட்டு அடுத்த வருஷம் ஒதுங்கி உழுவார்கள். அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் அதே பப்பில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன் கண்ணா. எதற்கு என்று சொல்கிறேன்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே வரப்புதான் எல்லை. அண்டை வெட்டி வரப்பைச் சீர்செய்யும்போது வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி நம் பக்கம் ஏறுகிறது என்று அப்பா சொன்னார். முதல் வருஷம் எங்களிடம் சொன்னார். இரண்டாம் வருஷம் அம்மாவிடம் சொன்னார். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. தம்பிக்காரனே உணரட்டும் என்று இருந்தார். ஏழாம் வருஷம் ஒரு முழம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு முன்சீப் கோர்ட்டு, வக்கீல், சர்வேக் கல். பதினோரு வருஷம். பாட்டி செத்தபோது பிணத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா போன அன்றைக்கு சித்தப்பா தெருமுனை வரைக்கும் வந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் போய்க் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கும் கோபம் இருந்தது. இன்றைக்கு அந்தத் தெருமுனைக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டும் போலிருக்கிறது.

நீயும் தங்கச்சியும் மார்ச்சிலிருந்து பேசவில்லை. நீ லீட்ஸ் வழியாகப் போய்வந்தும் அவள் வீட்டில் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு என்னிடம் சிரித்துப் பேசுகிறீர்கள். உன் அப்பா போன பிறகு கூரை மாற்றின செலவில் அந்த மூவாயிரம் பவுண்டு யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்பதுதான் பேச்சு. அவள் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு வாரமும் லீட்ஸிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வந்தவள் அவள். உன் பக்கமும் சொல்ல வேண்டும். யாரிடமும் கேட்காமல் நீ மாதாமாதம் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அவளிடம் நான் சொல்லவே இல்லை. அது என் தப்பு. சொல்லியிருந்தால் பாதி வந்திருக்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இருபத்தாறாம் தேதி இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும். ரசீது எல்லாம் அப்பாவின் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். யார் பக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நானே சொல்கிறேன், எனக்கும் சேர்த்து. அதற்கு முன்னால் நீ அவளுக்குப் போன் செய்ய வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வந்தால் போதும்.

மத்தியானத்துக்கு வத்தக்குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலும் செய்கிறேன். சாயங்காலம் வெளிச்சம் இருந்தால் லாக்ஸ்டன் போய் அந்தப் புல்மேட்டில் ஏறிவிட்டு வரலாம். புதிதாக அடித்த முளைகளை வண்டிப்பாதையிலிருந்தே பார்க்கலாம். உன் ரப்பர் பூட்ஸ் கராஜில்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன். குளிருக்குக் கனமான கோட்டு கொண்டு வா.

இதே கடிதத்தை, அவளுக்கு வேண்டிய இடங்களில் மட்டும் மாற்றி, தங்கச்சிக்கும் எழுதிவிட்டேன். நாளைக் காலையில் இரண்டையும் ஒன்றாகத் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா